உயிரின் தோற்றத்தை ஆராயக் கொழும்பிலிருந்து வழி இருக்கிறதா? பொன்னம்பெரும பற்றியும் சொல்லுங்கள்

#1 மரைன் டிரைவ்

வணக்கம். நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு வெள்ளவத்தையில்.

2025 ஜனவரியில் பெனு என்ற சிறுகோளின் மண்ணைப் பற்றிச் செய்தி வந்தது. நாசாவின் விண்கலம் 2023 செப்டெம்பரில் கொண்டுவந்து இறக்கிய மண், மொத்தம் 121.6 கிராம். எங்கள் உடம்புப் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ, ஆர்.என்.ஏ இரண்டின் எழுத்துகளான ஐந்து மூலங்களும் (bases) இருந்தன. அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. அதற்குப் பின் தேடித் தேடி வாசித்தபோது சிறில் பொன்னம்பெரும என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. காலியில் பிறந்தவராம். எங்கள் பாடப் புத்தகங்களில் இந்தத் துறையின் முன்னோடிகளாக மில்லர் இருக்கிறார், ஒப்பாரின் இருக்கிறார், இவர் இல்லை.

இந்தத் துறைக்குத்தான் போகப் போகிறேன் என்று ஒரு விரிவுரையாளரிடம் சொன்னேன். “அதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை, இங்கே பிழைக்கிற வழியைப் பார் பிள்ளை” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இவர் யார், என்ன செய்தார், இன்று இந்தத் துறையில் யார் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய இரசாயன ஆசிரியர்

மகள், உங்கள் கேள்வியைப் பார்த்துச் சந்தோஷம். 31 வருஷம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன் நான். ஒவ்வொரு வருஷமும் பொன்னம்பெருமவைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்காமல் சேதன இரசாயனத்தைத் தொடங்கியதில்லை.

அவர் 1923 ஒக்டோபரில் காலியில் பிறந்தார். முதலில் எடுத்த பட்டம் எது தெரியுமா? தத்துவம். 1948இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில். இரசாயனப் பட்டம் அதற்கு 11 வருஷம் பிந்தி, 1959இல், இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் கிடைத்தது. அப்போது வயது 35. பேர்க்பெக்கில்தான் ஜே. டி. பேர்னலின் தொடர்பு கிடைத்தது. களிமண் பரப்புகளில் மூலக்கூறுகள் ஒட்டி, திரண்டு, நீண்ட சங்கிலிகளாகியிருக்கலாம் என்று பேசியவர் பேர்னல். தத்துவத்தில் “உயிர் என்றால் என்ன” என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அதையே குடுவைக்குள் வைத்துக் கேட்கலாம் என்று காட்டிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் ஆய்வு, 1962இல் கலாநிதிப் பட்டம். மெதேன், அமோனியா, நீர் மூன்றையும் கலந்து இலத்திரன் கற்றையால் தாக்கினார்கள், அடினின் கிடைத்தது. மில்லர் 1953இல் மின்பொறியால் அமினோ அமிலம் எடுத்தார். இவர்கள் எடுத்தது பரம்பரையலகின் எழுத்துகளில் ஒன்று. நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்துக்குப் போனதும் 1963இல் கார்ல் சேகனுடனும் ரூத் மரினருடனும் சேர்ந்து இன்னொரு படி மேலே போனார். அடினின், ரைபோஸ், ஒரு பொசுபேற்றுச் சேர்வை, புற ஊதாக் கதிர். கலங்கள் சக்திக்குப் பயன்படுத்தும் ஏ.ரீ.பி உருவானது. அந்தப் பொசுபேற்றுச் சேர்வை ஆதிப்பூமியில் இருந்திருக்குமா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. அது நியாயமான கேள்வி, அதையும் வகுப்பில் சொல்லுவேன்.

ஆனால் அவருடைய பெரிய வேலை என்று நான் மதிப்பது 1970இல் வந்தது. அப்பலோ 11 கொண்டுவரும் நிலவு மண்ணில் சேதனப் பொருள் தேடுவதற்காக ஏம்ஸில் ஆய்வகத்தைத் துடைத்துத் துப்புரவாக்கி, மிகச் சிறு அளவுகளைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பழகி வைத்திருந்தார்கள். நிலவு மண்ணில் உயிர்க்கான அடையாளம் ஒன்றுமில்லை. நிலவில் மனிதன் இறங்கி இரண்டு மாதம், 1969 செப்டெம்பர் 28. அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்ற சின்ன ஊரில் விண்கல் விழுந்தது. கரி நிறைந்த கல், கிட்டத்தட்ட 100 கிலோ சேகரித்தார்கள். ஆய்வகம் தயார், கை தயார், கல் தானாக வந்து விழுந்தது.

அதற்கு முன்னும் விண்கற்களில் அமினோ அமிலம் கண்டதாகப் பலர் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான் கிடைத்தது: “அது உங்கள் விரல் ரேகையிலிருந்து வந்தது.” உண்மையில் வரும். ஒரு தடவை தொட்டாலே போதும். இதை எப்படி மறுப்பது?

புரதம் கட்டும் அமினோ அமிலங்களுக்குக் கை உண்டு. கிளைசீனைத் தவிர மற்றவை இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவில் இருக்கும். பூமியில் உயிர்கள் கட்டும் புரதத்தில் இருப்பது இடக்கை மட்டும். ஆகவே விரலிலிருந்து வந்திருந்தால் இடக்கைதான் கூடுதலாக இருக்கும். கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும குழு மேர்ச்சிசன் கல்லில் பார்த்தது ஏறக்குறைய சரிபாதி. அத்தோடு பூமியின் புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் இருந்தன. கையே சாட்சி சொல்லிவிட்டது. இவ்வளவு அழகான வாதத்தை நான் இரசாயனத்தில் வேறு எங்கும் கண்டதில்லை.

1971இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போய் இரசாயனக் கூர்ப்பு ஆய்வகத்தை நடத்தினார். 1983இல் அந்தக் கல்லில் ஐந்து மூலங்களும் இருப்பதாக அறிவித்தார். 1984இலிருந்து இங்கே ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகர், கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளர், கூடவே ஆதர் சி. கிளார்க் நிலையத்தின் பொறுப்பு. 1994 டிசம்பர் 20இல் அமெரிக்காவில் காலமானார்.

#3 கொட்டாஞ்சேனை வாசகன்

சேர், விண்வெளியிலிருந்து உயிர் வந்தது என்று சொன்னவர் விக்கிரமசிங்க அல்லவா? பொலன்னறுவைக் கல் பற்றியும் அவர்தானே சொன்னார். இரண்டு பேரும் ஒரே கட்சியா?

#4 பழைய இரசாயன ஆசிரியர்

இல்லைத் தம்பி. சந்திர விக்கிரமசிங்க கொழும்பில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலுடன் வேலை செய்த வானியலாளர். முழு உயிரே, அதாவது நுண்ணுயிரே, வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் வாதம். பொன்னம்பெரும சொன்னது அதைவிடச் சிறிது, ஆனால் அசைக்க முடியாதது: உயிர் வரவில்லை, உயிரின் செங்கற்கள் வெளியிலும் உருவாகின்றன, ஆகவே அவை உருவாக உயிர் தேவையில்லை. 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொன்ன கற்களில் தயற்றங்கள் என்ற நுண்பாசிகளைக் கண்டதாக விக்கிரமசிங்க குழு எழுதியது. பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. ஈரமான வயல் நிலத்தில் கிடந்த கல்லுக்குள் நன்னீர்ப் பாசி எப்படி வந்தது என்று கேட்டால் நிலத்திலிருந்து என்பதுதான் முதல் மறுமொழி. மேர்ச்சிசனில் கை சாட்சி சொன்னது. இங்கே அப்படி ஒரு சாட்சி இல்லை. எனக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

#5 குழாய்முனை

சேர் சொன்னதை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் கோப்பாய், பட்டம் கொழும்பில் எடுத்தேன், இப்போது வெளிநாட்டில் கொழுப்பமில மென்சவ்வுகளில் ஆய்வு செய்கிறேன். தங்கச்சி, இன்றைய நிலையை நான் சொல்கிறேன்.

பொன்னம்பெரும காலத்துக் கேள்வி, செங்கல் எங்கிருந்து வந்தது என்பது. இன்றைய கேள்வி, செங்கல் வீடானது எப்படி. 1980களின் தொடக்கத்தில் தோமஸ் செக், சிட்னி அல்ட்மன் இருவரும் ஆர்.என்.ஏ தானே நொதியம்போல வேலை செய்யும் என்று காட்டினார்கள். 1989இல் நோபல் பரிசு. அப்புறம் எல்லாரும் ஆர்.என்.ஏயைச் சுற்றி வரத் தொடங்கினோம்.

ஜாக் சோஸ்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 2009இல் நோபல் கிடைத்தது உயிரின் தோற்றத்துக்காக இல்லை. மதுவத்தில் நிறமூர்த்தங்களின் முனைகள் தேயாமல் காக்கப்படுவது எப்படி என்று 1980களில் செய்த வேலைக்காக. பரிசு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் துறையை விட்டுவிட்டு வந்து, ஒரு கொழுப்புக் குமிழிக்குள் ஆர்.என்.ஏயைத் தானாகப் பிரதிசெய்ய வைக்க முடியுமா என்று உட்கார்ந்துவிட்டார். நொதியமும் இல்லை, புரதமும் இல்லை. ஒரு குமிழி, ஒரு சங்கிலி. அதுதான் ஆதிக்கலம்.

அதில் ஒரு முட்டுக்கட்டை பல வருஷமாக இருந்தது. அதை எங்கள் ஊர்க் கிணற்றடியில் வைத்தே சொல்லலாம். ஆர்.என்.ஏ நொதியமில்லாமல் பிரதியாக மக்னீசியம் நிறைய வேண்டும். ஆனால் கொழுப்பமிலக் குமிழிக்கு மக்னீசியம் ஆகாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரைந்து வாளியோரம் ஒட்டும் அல்லவா? சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணியில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அது. குமிழிக்கும் அதே கதி. ஒன்று ஆர்.என்.ஏ, இல்லாவிட்டால் குமிழி. இரண்டும் சேர்ந்து வாழாது.

2013இல் கேட் அடமாலா என்ற போலந்துப் பெண், அப்போது சோஸ்டாக்கிடம் மாணவி, ஒரு வழி கண்டார். சித்திரேற்று. தேசிக்காய்ப் புளிப்பில் இருக்கும் அதே சித்திரிக் அமிலத்தின் உப்பு. அது மக்னீசியத்தை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் முழுவதும் மூடிவிடாது. குமிழியைத் தாக்காத அளவுக்குக் கட்டுண்டது, ஆர்.என்.ஏக்கு உதவும் அளவுக்குத் திறந்திருந்தது. குமிழிக்குள்ளேயே ஆர்.என்.ஏ பிரதியாவதைக் காட்டினார்கள். ஆதிப்பூமியில் அவ்வளவு சித்திரேற்று இருந்திருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து வாழ முடியும் என்று முதன்முறை தெரிந்தது.

அடமாலா பிறகு மூளை நரம்பு ஆய்வு செய்யும் ஒரு ஆய்வகத்தில் சில காலம் இருந்துவிட்டு மினசோட்டாவில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். இப்போது செய்வது செயற்கைக் கலம். கலத்தின் உட்பாகங்களைப் பிரித்தெடுத்து, கொழுப்புக் குமிழிக்குள் போட்டு, உயிரில்லாத ஒன்றை உயிர்போல வேலை செய்யவைப்பது.

பொன்னம்பெரும தத்துவத்திலிருந்து வந்தார், சோஸ்டாக் மதுவத்திலிருந்து வந்தார், அடமாலா இரசாயனத்திலிருந்து வந்து நரம்பியல் வீட்டில் தங்கிப் போனார். உயிரின் தோற்றம் என்ற பெயர்ப்பலகை போட்ட திணைக்களத்தைக் கொழும்பில் தேடாதீர்கள் தங்கச்சி. உலகத்திலேயே அது மிகக் குறைவு.

#6 இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. என் மகனும் கம்பஸில்தான் படிக்கிறான், அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள் நாங்கள். அந்த விரிவுரையாளர் சொன்னதில் என்ன பிழை? பிள்ளை நாளைக்கு எதை வைத்துச் சாப்பிடும் என்று ஒரு தாய் கேட்கமாட்டாளா?

#7 குழாய்முனை

அக்கா, கேட்கத்தான் வேண்டும். என் அம்மாவும் கேட்டார், நானும் சரியான மறுமொழி இல்லாமல்தான் நின்றேன். இப்போது இருக்கும் மறுமொழியைச் சொல்கிறேன்.

மேர்ச்சிசன் கல்லில் இடக்கை வலக்கையைப் பிரித்தது வாயு நிறப்பகுப்பு, அதாவது கலவையை ஆவியாக்கிப் பிரித்துப் பார்க்கும் முறை. இங்கே ஏற்றுமதித் தேயிலையில் பூச்சிநாசினி எச்சம் பார்ப்பதும் அந்த முறைதான். மருந்தின் தூய்மை பார்ப்பது, மீனில் பாதரசம் பார்ப்பது, எல்லாம் கொஞ்சத்துக்குள் கொஞ்சத்தைப் பிழையில்லாமல் அளக்கும் கலை. இந்தத் துறைக்கு வேண்டிய கைப்பழக்கமும் கொழும்பில் சம்பளம் கிடைக்கும் கைப்பழக்கமும் ஒன்றே. பிள்ளை முதல் பத்து வருஷம் எதைப் பழகினாலும் அது வீண்போகாது. கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, மாதப் படியும் தருவார்கள். குடும்பம் காணி விற்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் படியில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் உழைப்பவர் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு நான் இதைத் துணிந்து சொல்லமாட்டேன். முதலில் இரண்டு மூன்று வருஷம் ஒரு பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்யட்டும். 35 வயதில் இரசாயனப் பட்டம் எடுத்தவரைப் பற்றித்தானே கதைக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைக்கு. சோஸ்டாக் ஆய்வகம் 2016இல் ஆர்.என்.ஏ பிரதியாவது பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று வெளியிட்டது. அதே ஆய்வகத்தில் இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்தார், வரவில்லை. தரவைத் தவறாக விளங்கிக்கொண்டது தெரிந்தது. 2017இல் கட்டுரையை அவர்களே மீளப்பெற்றார்கள். நோபல் பரிசு பெற்றவர், வெளியில் எவரும் குற்றம் சாட்டவில்லை, தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே சொன்னார்கள். இந்தத் துறையில் நாலாயிரம் மில்லியன் வருஷத்துக்கு முந்தைய ஒன்றை நேரில் பார்த்தவர் எவருமில்லை. ஆகவே தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது மிக இலகு. என் குடுவைகளில் பாதி, “ஒன்றும் போடாத” குடுவைகள். அதில் ஏதும் தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பை. அந்த மனம் இருந்தால் வரலாம்.

#8 மரைன் டிரைவ்

அம்மாவுக்கு இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். #6 எழுதிய அன்ரிக்குத் தனியாக நன்றி, அம்மா கேட்க நினைத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

ஒரு கேள்வி. பெனு மண்ணிலும் இடக்கை வலக்கை ஏறக்குறையச் சமம் என்று வாசித்தேன். அப்படியென்றால் உயிர் ஏன் இடக்கையை மட்டும் எடுத்தது? வலக்கை அமினோ அமிலங்களால் ஒரு கலம் செய்தால் அது உயிர் வாழுமா?

#9 குழாய்முனை

முதல் கேள்விக்கு உறுதியான விடை இன்னும் இல்லை. 1997இல் குரோனினும் பிட்சரெல்லோவும் மேர்ச்சிசன் கல்லிலேயே, பூமியில் அரிதான சில அமினோ அமிலங்களில் இடக்கை சில வீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ஆகவே விண்வெளியிலேயே தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம் என்று ஒரு கட்சி. ஆனால் பெனுவில் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரியவில்லை. பலருக்கு அது ஏமாற்றம். எனக்கு இல்லை, கேள்வி திறந்திருப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி எனக்கு நித்திரையைக் கெடுத்த கேள்வி. வாழும் என்றே நினைக்கிறோம். எல்லாக் கையையும் மாற்றினால் இரசாயனம் அப்படியே நடக்கும். ஆடியில் தெரியும் உருவம்போன்ற கலம். அடமாலா உட்படச் சிலர் அதைச் செய்து பார்க்கப் பணமும் பெற்றுத் தொடங்கியிருந்தார்கள். பிறகு நோயெதிர்ப்பு அறிந்தவர்களுடன் உட்கார்ந்து கதைத்தார்கள். எங்கள் உடம்பு பற்றீரியாவை இனங்காண்பது அதன் மூலக்கூறுகளின் வடிவத்தைத் தொட்டுப் பார்த்து. வலக்கையுறை இடக்கைக்குள் போகாததுபோல, ஆடிப் பற்றீரியாவை எங்கள் காவல் அணுக்கள் சரியாகப் பிடிக்கமாட்டா. வைரசு, பற்றீரியாவைத் தின்னும் சிற்றுயிர்கள், இவையும் பிடிக்கமாட்டா. மனிதர், மிருகம், பயிர் எல்லாவற்றுக்கும் ஆபத்து. 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து இதைச் செய்யாதீர்கள் என்று எழுதினார்கள். அடமாலா, சோஸ்டாக், மனித மரபணுத்தொகுதியை வாசித்தவர்களில் ஒருவரான கிரேக் வெண்டர் எல்லாரும் அதில் உண்டு. செய்வதற்கே இன்னும் குறைந்தது பத்து வருஷம் எடுக்கும் என்ற நிலையில், முடியும் முன்பே நிறுத்துங்கள் என்றார்கள். அடமாலா தன் சொந்த வேலையின் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்.

அவருடைய எல்லாக் கட்டுரைகளையும்விட அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

#10 பழைய இரசாயன ஆசிரியர்

தம்பி எழுதியதைக் காலையில் இரண்டு தடவை வாசித்தேன். 1970இல் கல்லின் நேர்மையை நிரூபித்த அதே கை, இன்று எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் கையாகிவிட்டது. வகுப்பு இருந்திருந்தால் நாளைக்கே சொல்லியிருப்பேன்.

மகள், உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒலேயிக் அமிலம் கொஞ்சம், பீ.எச் 8.5 அளவில் ஒரு தாங்கற் கரைசல். பீ.எச் கூடினால் சவர்க்காரக் கரைசல்போலத் தெளிந்துவிடும், குறைந்தால் எண்ணெய்த் துளியாகிவிடும். நடுவில்தான் குமிழி. நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பிறகு மக்னீசியம் குளோரைட் விடுங்கள். இன்னொரு குழாயில் முதலில் சோடியம் சித்திரேற்று, பிறகு மக்னீசியம். மக்னீசியத்தைப்போல நாலு மடங்கு சித்திரேற்று இருக்கட்டும். தேசிக்காயைப் பிழிந்துவிடாதீர்கள், அமிலம் போனால் எல்லாம் எண்ணெயாகிவிடும். ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

#11 மரைன் டிரைவ்

சேர், நேற்றுப் பின்னேரம் செய்தேன். இரண்டாம் ஆண்டு ஆய்வுகூடத்தில் பொறுப்பாளர் அனுமதி தந்தார், கூடவே நின்றும் பார்த்தார்.

முதல் இரண்டு தடவை எண்ணெய்த் துளிதான் வந்தது, பீ.எச் மானியைச் சரிபார்க்காமல் விட்டது என் பிழை. மூன்றாம் தடவை கரைசல் மெல்லிய பால்போலக் கலங்கியது. நுணுக்குக்காட்டியின் கீழ் வட்ட வட்டமாக, சிலவற்றுக்குள்ளே இன்னொரு வட்டம், மெதுவாக நடுங்கிக்கொண்டு. நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. மக்னீசியம் விட்டதும் ஒரு நிமிஷத்துக்குள் வெள்ளையாகத் திரைந்து அடியில் இறங்கிவிட்டது. குழாய்முனை அண்ணா சொன்ன கிணற்றடி வாளிதான். சித்திரேற்று விட்ட குழாயில் கலங்கல் அப்படியே நின்றது. இன்று காலை போய்ப் பார்த்தேன், இன்னும் நிற்கிறது.

ஒன்றும் போடாத குழாயும் ஒன்று வைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

#12 குழாய்முனை

அந்த ஒன்றும் இல்லாத குழாயின் படத்தையும் கொப்பியில் ஒட்டி வையுங்கள் தங்கச்சி, திகதியோடு. அடுத்த தடவை சித்திரேற்றை நாலு மடங்கு, இரண்டு மடங்கு, ஒரு மடங்கு என்று குறைத்துக்கொண்டு போய், எந்த இடத்தில் திரைகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றும் மூன்று தடவை. எண்களை இங்கே போடுங்கள், நானும் இங்கே என் ஆய்வகத்தில் அதையே செய்து பக்கத்தில் எழுதுகிறேன்.